குண்டாஸ் உத்தரவு ஹைகோர்ட்டில் ஏன் உடைகிறது?

‘பத்து வழக்கு உள்ள ரவுடியின் குண்டாஸைக்கூட ஹைகோர்ட் ரத்து செய்துவிடுகிறதே, நீதிபதிகள் வழக்குப் பட்டியலைப் பார்ப்பதே இல்லையா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்க்கிறார்கள். ஆனால் அவன் குற்றம் செய்தானா என்பது அங்கே கேள்வி இல்லை. அதற்குத் தனியாக வழக்கு நடக்கும். குண்டாஸ் சட்டம் என்று நாம் சொல்கிற, தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆம் எண் சட்டப்படி, கமிஷனரோ கலெக்டரோ விசாரணையே இல்லாமல் ஒருவரை 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். வெளியே விட்டால் பொது ஒழுங்கு கெடும் என்று அதிகாரி திருப்தி அடைந்தால் போதும். அந்தத் திருப்தி சரியா என்று கோர்ட் அப்பீல் கேட்பதில்லை. எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார், முறைப்படி செய்தாரா என்று மட்டும் பார்க்கும். பெரும்பாலும் அங்கேதான் அரசு மாட்டிக்கொள்கிறது.

நான் ஆட்கொணர்வு மனு (அடைத்து வைத்தது சட்டப்படி சரியா என்று கோர்ட்டைப் பார்க்கச் சொல்லும் மனு) நடத்துகிற வக்கீல். முதலில் கேட்டு வாங்குவது, சிறையில் கைதிக்குக் கொடுத்த ‘புக்லெட்’டைத்தான், அதாவது உத்தரவுக்கு ஆதாரமான ஆவணங்களின் கட்டு. ரிமாண்ட் உத்தரவு ஆங்கிலத்தில் இருக்கும், தமிழாக்கம் இருக்காது. ஏதோ ஒரு பக்கம் ஜெராக்ஸில் கருத்துப் போயிருக்கும். காரணங்களைத் தெரிவித்து, முறையீடு செய்யச் சீக்கிரமே வாய்ப்புத் தரச் சொல்கிறது அரசியல் சாசனத்தின் 22(5). படிக்கவே முடியாத தாளுக்கு என்ன பதில் எழுதுவது?

அப்புறம் ஜாமீன். ஏற்கெனவே சிறையில் இருப்பவர் மீது குண்டாஸ் போட, அவர் ஜாமீனில் வெளியே வரக்கூடும் என்று அதிகாரி காட்டவேண்டும். ‘இதே மாதிரி வழக்குகளில் ஜாமீன் கொடுத்திருக்கிறார்கள், இவருக்கும் கிடைக்கலாம்’ என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். எந்த வழக்கு, எந்தத் தேதி, ஒன்றும் இருக்காது. காலாவதி மருந்து விவகாரத்தில் வந்த ரேகா வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் அந்த மொட்டை வரியை ஏற்கவில்லை. ராஜம்மாள் வழக்கு இன்னும் சுவாரசியம்; அங்கே சிக்கல், கைதியின் முறையீட்டை அரசு பரிசீலிப்பதில் வந்த தாமதம். 1998 பிப்ரவரியில் அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்தார், முறையீட்டுக் கோப்பு ஐந்து நாள் காத்திருந்தது. அந்தச் சமாதானம் எடுபடவில்லை, உத்தரவு போயிற்று.

இதையெல்லாம் ‘டெக்னிக்கல் காரணம்’ என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். விசாரணை இல்லாமல் அடைக்கிற அதிகாரத்துக்குக் கடிவாளமே இந்தக் காகிதங்கள்தானே! என் ஆதங்கம் வேறு: மனு விசாரணைக்கு வந்து உத்தரவு உடைவதற்குள் பல மாதங்கள் உள்ளேயே கழிந்துவிடும்.

இன்னொன்று, குண்டாஸ் உடைந்தாலும் அசல் வழக்கு அப்படியே நிற்கும். அதில் ஜாமீன் கிடைத்தால்தான் வெளியே வரலாம். குடும்பத்தார் செய்யவேண்டியது, உத்தரவு வந்த கையோடு அரசுக்கு முறையீடு அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வது. தாமதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.