கேள்வி – பதில்: இணையத்தை அரசால் கட்டுப்படுத்த முடியுமா?

கேள்வி: இணையத்துக்கு எல்லையே கிடையாது, எந்த அரசாலும் அதைக் கட்டுப்படுத்த முடியாது என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். அப்படியானால் 2018இல் எங்கள் மாவட்டத்தில் இணையத்தை எப்படி நிறுத்தினார்கள்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: செய்திக்கு எல்லை இல்லை என்பது உண்மைதான். ஆனால், அதைச் சுமந்து செல்லும் கம்பிவடமும் கைப்பேசிக் கோபுரமும் ஏதோ ஒரு நாட்டின் மண்ணில், அந்நாட்டு அரசிடம் உரிமம் வாங்கிய நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டுக்கு மறுநாள், 2018 மே 23 அன்று, தூத்துக்குடி, நெல்லை, குமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த, மாநில உள்துறையின் உத்தரவே போதுமானதாக இருந்தது. துப்பாக்கிச்சூடு நடக்காத உங்கள் மாவட்டமும் சேர்ந்தே தண்டிக்கப்பட்டது. எகிப்தில் 2011 ஜனவரி இறுதியில், அரசு சொன்னதும் சேவை நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே இரவில் தம் இணைய வழித்தடங்களை விலக்கிக்கொள்ள, ஏறக்குறைய ஐந்து நாள் அந்த நாட்டின் பெரும்பகுதி வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தது.

ஆகவே அரசால் முடியும். என் கவலை வேறு. குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களையும் பண மோசடித் தளங்களையும் அரசு முடக்கத்தான் வேண்டும். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக ஒரு பக்கத்தை முடக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு இடம் தருகிறது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால், அதன்கீழ் 2009இல் வகுக்கப்பட்ட விதிகளில் 16ஆவது விதி, வந்த கோரிக்கையையும் எடுத்த நடவடிக்கையையும் கண்டிப்பாக இரகசியமாக வைக்கச் சொல்கிறது. முகவரியைத் தட்டுகிறவருக்குத் திரையில் தெரிவதெல்லாம், அரசு உத்தரவின்படி இத்தளம் தடுக்கப்பட்டுள்ளது என்னும் பொருளில் ஒரு வரிதான். யார் கேட்டார்கள், எதற்காக, எத்தனை நாளைக்கு என்ற எந்த விவரமும் அதில் இராது.

காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இணைய நிறுத்த உத்தரவுகளை அரசு வெளியிட்டாக வேண்டும், காலவரையின்றிச் சேவையை நிறுத்தக் கூடாது என்று கூறியது. பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தை நாடுவதற்கு உத்தரவு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஒரு மாவட்டத்துக்குப் பொருந்தும் இந்த நியாயம், முடக்கப்பட்ட ஒற்றைப் பக்கத்தை எழுதியவருக்கும் பொருந்த வேண்டும். உத்தரவின் நகலை, காரணத்துடன், அவர் கையில் கொடுக்க வேண்டும்.