கேள்வி–பதில்: ஆயில் லைட் எரிகிறதா?

கேள்வி: 2007 மாருதி 800. சூடேறி சிக்னலில் நின்றால் ஆயில் லைட் மினுக்குகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் அணைகிறது. இன்ஜினை இறக்க வேண்டும், 35,000 ஆகும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: ஆயில் பிரஷரை அளந்தாரா? முதலில் அதைக் கேளுங்கள். சமதரையில் வண்டியை அணைத்து, சில நிமிடம் விட்டு ஆயில் அளவு காட்டும் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் அளவு சரி என்றால் அடுத்த சந்தேகம் பிரஷர் ஸ்விட்ச், பிரஷர் குறைந்தால் லைட்டை எரியவைப்பது. சில நூறு ரூபாய்ச் சாமான். அதைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் காட்டும் கேஜ் மாட்டி, சூடான இன்ஜினில் அளக்க வேண்டும். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பட்டறைக் கணக்கு. உங்கள் வண்டிக்கு உரியது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். முள் எழும்பவில்லையா, இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றி, உள்ளே இருக்கும் வடிகட்டியான ஸ்ட்ரெய்னரில் கசடு அடைத்திருக்கிறதா, பம்ப் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். கடைசியில்தான் பேரிங். சூட்டில் இளகிய ஆயில் தேய்ந்த பேரிங் வழியாக வழிந்துவிடும், ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடிலிங்கில் பம்பும் மெதுவாகச் சுற்றும். அதனால் மெக்கானிக் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அளந்துவிட்டுச் சொல்லட்டும்.

கேள்வி: லைட் விடாமல் எரிகிறது, வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஊருக்கு இன்னும் 40 கிலோமீட்டர். ஓட்டலாமா?

பதில்: கூடாது. ஓரங்கட்டி அணையுங்கள்.

கேள்வி: டீலரிடம் பழைய ஆம்னி வாங்கினேன். ஓடும்போது ஆயில் லைட் எரியவே இல்லை, மூன்றே மாதத்தில் இன்ஜின் ஜாம். பிரித்துப் பார்த்தால் ஆயில் லைட்டின் ஒயரைப் பிரஷர் ஸ்விட்ச்சில் மாட்டாமல் பேட்டரி சார்ஜிங் லைட்டோடு முறுக்கி விட்டிருக்கிறார்கள்.

பதில்: உங்கள் மீது தப்பில்லை. இந்தத் திருட்டை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஏனென்றால் நானும் ஏமாந்தவன். அம்பாசடர் டீசல். காலையில் போய்ப் பார்த்தேன், இன்ஜின் அப்போதே சூடாக இருந்தது. 'இப்பத்தான் சார் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தோம்' என்றார் புரோக்கர். தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். உள்ளே தேன் மாதிரி கெட்டி ஆயில். அதை மாற்றிய வாரமே கடகடவென்று பேரிங் சத்தம்.

பழைய வண்டி பார்க்கப் போனால் இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஆயில் லைட் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சார்ஜிங் லைட்டும் இப்படித்தான் எரிந்து அணையும், அதனால் உங்களுடையதுபோல முறுக்கியிருந்தால் இதிலும் பாஸ் ஆகிவிடும். அதனால் சாவி ஆனில் இருக்கும்போது பிரஷர் ஸ்விட்ச்சின் ஒயரை உருவுங்கள். லைட் அணைந்தால் இணைப்பு நேர்மை. அணையாவிட்டால் எழுந்து நடையைக் கட்டுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: அந்த ஒயரைப் பிரித்துவிடாதீர்கள். படம் எடுத்து, மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி, ரசீதோடு டீலருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழி கேட்க 1915.

கேள்வி: ஆயில் குறைந்தால் லைட் எரியும்தானே என்று இரண்டு வருடமாகக் குச்சியைப் பார்க்கவில்லை. இப்போது இன்ஜின் போய்விட்டது. ஆயில் கம்பெனி மேல் வழக்குப் போடலாமா?

பதில்: எதற்கு? அந்த லைட் பிரஷருக்கு, அளவுக்கு அல்ல. அது எரியும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

கேள்வி: கெட்டி ஆயில் ஊற்றினால் லைட் அணையுமா?

பதில்: அணையும். என் அம்பாசடரிலும் அணைந்துதான் இருந்தது.