சமூக வன உரிமை: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

கடம்பூர் மலையிலிருந்து: அண்ணா, எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு நிலப்பட்டா வந்துவிட்டது. இனி சமூக உரிமை எதற்கு?

தம்பி, பட்டா நீங்கள் உழுகிற நிலத்துக்கு. 2006 வன உரிமைச் சட்டப்படி அது தனிநபர் உரிமை, 4 ஹெக்டேர்தான் உச்சம். தேன் எடுப்பதும், கடுக்காய் பொறுக்குவதும், மாடு மேய்ப்பதும் அந்த நிலத்திலா நடக்கிறது? அதற்குத்தான் சமூக உரிமை, மனு படிவம் பி. எந்த மாசம் எங்கே மேய்ச்சல், எதை எவ்வளவு எடுக்கலாம், காட்டை எப்படிக் காப்பது என்று ஊரே முடிவு செய்யும் உரிமைக்குப் படிவம் சி. அந்தப் படிவம் 2012 திருத்த விதிகளில் வந்தது. எல்லையை ஊர்ப் பெரியவர்களோடு நடந்து பார்த்து, கோயில், ஓடை, பழைய பட்டி எல்லாம் வரைபடத்தில் குறியுங்கள். மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஏற்காட்டிலிருந்து: கிராம வனக்குழு ஏற்கெனவே இருக்கிறதே?

அது 1990 சுற்றறிக்கையில் தொடங்கிய கூட்டு வன மேலாண்மை. அங்கே வனத்துறை கூப்பிட்டால் நீங்கள் போவீர்கள். இது சட்டம் தந்த உரிமை. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

ஊராட்சி உறுப்பினர் ஒருவர்: சமூக உரிமை மனுவுக்குத் தலைவர் கையெழுத்து போதுமா?

போதாது. கிராம சபையில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

ஓய்வுபெற்ற வனவர்: ஊர்க்காரர் கையில் கொடுத்தால் ஒரு மூங்கில் மிஞ்சாது ஐயா.

இதற்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன். மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் மேந்தா லேகா என்று ஒரு கோண்டுப் பழங்குடி கிராமம். 2009-ல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்கு உரிமை பெற்றது. ஆனால் மூங்கிலை வெளியே கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு துறையிடமே இருந்தது. சீட்டு இல்லாமல் யார் வாங்குவார்? சட்டமோ மூங்கிலைச் சிறு வன விளைபொருள், அதாவது ஊரார் எடுத்து விற்கக்கூடியது, என்கிறது. கடைசியில் 2011 ஏப்ரலில் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷே வந்து சீட்டுப் புத்தகத்தை கிராம சபையிடம் கொடுத்தார். அந்த ஊரில் ஓட்டெடுப்பு கிடையாது, எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. வெட்டித் தீர்த்தவர்கள் அல்ல அவர்கள்.

அதே வனவர்: அது கட்சிரோலி. இங்கே புலிகள் காப்பகம்!

சரி, பக்கத்திலேயே பாருங்கள். சத்தியமங்கலத்தை ஒட்டிய, கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையும் புலிகள் காப்பகம்தான். அங்கே சோளகர் பழங்குடிகளின் 25 கிராம சபைகளுக்கு 2011-ல் சமூக உரிமை கிடைத்தது. சட்டம் சரணாலயத்தையும் தேசியப் பூங்காவையும் விலக்கவில்லை.

இன்னொருவர்: அங்கேயும் உண்ணிச்செடி (லன்டானா என்ற அந்நியக் களை) மண்டிக் கிடக்கிறதே. அது ஊரார் மாடு மேய்த்த லட்சணம்தானே?

சோளகர்கள் கோடைத் தொடக்கத்தில் சருகுக்குச் சிறு தீ வைப்பார்கள். அதைத் தடுத்த பிறகுதான் உண்ணிச்செடி பெருகியது என்கிறார்கள். மேய்ச்சல்தான் காரணம் என்று நீங்கள் சொன்னால், எந்தக் காட்டில், எப்போதிருந்து என்று சொல்லுங்கள், பேசலாம். பொத்தாம்பொதுவாக வேண்டாம்.

ஐந்தாறு பேர்: பட்டா எப்போது வரும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

பர்கூரிலிருந்து: நாங்கள் பழங்குடி இல்லை. எங்களுக்கு?

உண்டு. 13.12.2005-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை நம்பி அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும்.

கொல்லிமலையிலிருந்து: மனு கொடுத்து இரண்டு வருஷமாகிறது, பதிலே இல்லை.

ரசீது?

அவரே: வாங்கவில்லை.

மறுபடி கொடுங்கள். இந்த முறை இரண்டு பிரதி, ஒன்றில் தேதியும் முத்திரையும்.