லேன் கேபிளும் கடைக்காரர் பேச்சும்: நுகர்வோர் கேள்வி-பதில்

கே: பழைய கணினியையும் புது லேப்டாப்பையும் லேன் கேபிளால் நேராக இணைத்தேன். விளக்கு எரிகிறது; ஒன்றில் மற்றொன்று தெரியவில்லை. 'கிராஸ்ஓவர்' கேபிள் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். (தண்டையார்பேட்டை)

ப: வாங்காதீர்கள். கிராஸ்ஓவர் என்றால் ஒரு முனையில் ஒயர்களின் இடத்தை மாற்றி அடித்த கேபிள். அது பழைய 10/100 எம்பிபிஎஸ் போர்ட்களின் காலத்துத் தேவை. கிகாபிட் (1 ஜிபிபிஎஸ்) போர்ட் இருந்தால் சாதாரண கேபிளே போதும். இரு பக்கமும் விளக்கு எரிகிறது என்றால் இணைப்பு கிடைத்துவிட்டது. சிக்கல் ஐபி எண்ணில், அதாவது கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க உதவும் முகவரியில். நடுவில் ரூட்டர் இல்லாததால் அதைக் கொடுக்க ஆளில்லை. ஒன்றுக்கு 192.168.10.1, மற்றதற்கு 192.168.10.2, இரண்டிலும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று நீங்களே கொடுங்கள். 'கேட்வே' என்ற கட்டம் காலியாக இருக்கட்டும். அப்படியும் தெரியாவிட்டால், விண்டோஸ் அந்த இணைப்பைப் 'பப்ளிக்' வகையில் போட்டு வைத்திருக்கும். அதில் கோப்புப் பகிர்வு மூடியிருக்கும். 'பிரைவேட்' ஆக மாற்றுங்கள். மாற்ற வழியில்லையா? வைஃபையை அணைத்துவிட்டுப் பகிர்வைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.

கே: இரு முனையும் ஒரே மாதிரி உள்ள யுஎஸ்பி கேபிளை 149 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கி இரண்டு கணினிகளையும் இணைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. (பெரம்பூர்)

ப: நடக்காதது உங்கள் நல்ல காலம். இரண்டு பக்கமும் 5 வோல்ட் தரும் போர்ட்கள், கருகியிருக்கலாம். உடனே கழற்றுங்கள். இந்த வேலைக்கான கேபிளின் நடுவே சிப் வைத்த சின்னப் பெட்டி இருக்கும். படத்தையும் விலையையும் மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டினால் இப்படித்தான்.

கே: ஐந்து மீட்டர் தூரத்துக்கு கேட் 8 கேபிள் வாங்கலாமா? (திருவொற்றியூர்)

ப: 'கேட்' என்பது லேன் கேபிளின் தர வகை. உங்களுக்கு கேட் 5இ போதும்.

கே: 'சுத்தமான காப்பர், கேட் 6' என்று 20 மீட்டர் கேபிள் கொடுத்தார்கள். மாடியையும் கீழ்த்தளத்தையும் இணைத்தால் வேகம் 100 எம்பிபிஎஸ்தான். மகளின் கல்யாணப் படங்கள் 40 ஜிபி போய்ச்சேர ஒரு மணி நேரம் ஆகிறது. கேட்டால், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லைக் காட்டுகிறார்கள். (ராயபுரம்)

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன், அம்மா. ஆனால் முதலில் இரண்டு கணினிகளையும் பக்கத்தில் வைத்து வேறு சிறிய கேபிளால் இணைத்துப் பாருங்கள். 1 ஜிபிபிஎஸ் வந்தால் கணினிகள் மீது குற்றமில்லை. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடி ஒயர்களும் வேண்டும். 100க்கு இரண்டு ஜோடி போதும். ஓர் ஒயர் விட்டுப்போனாலும் வேகம் இறங்கிவிடும். அது முனையில் பிளக்கைச் சரியாக அழுத்திப் பொருத்தாததாலும் (கிரிம்ப்) நேரலாம். முனையை வெட்டி, புது பிளக் அடித்தும் வேகம் ஏறவில்லையா? வெட்டிய துண்டில் ஓர் ஒயரை உரித்து, பிளேடால் சுரண்டுங்கள். காப்பர் என்றால் உள்ளேயும் சிவப்பு. வெள்ளையாகத் தெரிந்தால் அது தாமிரப் பூச்சு பூசிய அலுமினியம். உறையில் பொடி எழுத்தில் 'சிசிஏ' என்றும் இருக்கலாம்.

இந்தச் சரக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் ஓயாது. கேட் 6 தரத்துக்கு முழுத் தாமிரம் வேண்டும். அலுமினியத்தின் மீது அந்தப் பெயரை அச்சிடுவதே பொய். மின்தடை அதிகம், நாலு தடவை வளைத்தால் ஒடியும், ராயபுரத்துக் கடற்காற்றில் முனைகள் பூத்துப்போகும். காப்பர் விலை கொடுத்து நான் வாங்கிய ஒரு சுருள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. துணி காயப்போடும் கொடிக்குக்கூட லாயக்கில்லை.

பில்லில் அச்சடித்த வாசகத்துக்கு நீங்கள் பயப்பட வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் காலக்கெடு இல்லையென்றால் 30 நாட்களுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக முறை. வெட்டிய துண்டையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அடுத்து வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும்.

கே: எல்லாம் சரியாகி, இப்போது எதிரே உள்ள கணினியைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. தினமும் போடும் பின் நம்பரைப் போட்டால் ஏற்கவில்லை. (வியாசர்பாடி)

ப: பின் நம்பர், அதை வைத்த கணினிக்குள் நேரில் நுழைய மட்டும். எதிரே உள்ள கணினியின் பயனர் பெயரையும் கணக்கின் பாஸ்வேர்டையும் கொடுங்கள். பாஸ்வேர்டே வைக்காத கணக்கு என்றால் ஒன்று வைத்துவிட்டு முயலுங்கள். காலியாக விட்டால் விண்டோஸ் உள்ளே விடாது.