டெம்ப்ளேட்டைக் காணோம் என்கிறதா ஆட்டோகேட்? கேள்வி பதில்

கேள்வி: சார், டிராயிங் போடும் ஆட்டோகேட் சாஃப்ட்வேரில் புது வெர்ஷன் போட்டு, பழைய புரொஃபைலையும் (நம் செட்டிங்ஸ் தொகுப்பு) இம்போர்ட் செய்தோம். நியூ கொடுத்தால் டெம்ப்ளேட் (புது டிராயிங்குக்கான மாதிரி ஃபைல்) இல்லை என்கிறது. மறுபடியும் இன்ஸ்டால் செய்யவா?

பதில்: வேண்டாம், அரை நாள் வீணாகும். ஃபைல் அனேகமாகப் பத்திரமாக இருக்கும். தேடுகிற இடம்தான் தப்பு. புரொஃபைலுக்குள் பழைய வெர்ஷனின் ஃபோல்டர் பாதைகளும் சேர்ந்தே வரும். ஆப்ஷன்ஸ் கமாண்ட் கொடுத்து, ஃபைல்ஸ் டேப்பில் டெம்ப்ளேட் செட்டிங்ஸை விரியுங்கள். டிராயிங் டெம்ப்ளேட் ஃபைல் லொகேஷன் என்பது ஃபோல்டரைக் கேட்கும். கியூநியூவுக்கான (சட்டென்று புது டிராயிங் திறக்கும் கமாண்ட்) டீஃபால்ட் டெம்ப்ளேட் என்பது ஒரு குறிப்பிட்ட ஃபைலைக் கேட்கும். முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். இரண்டையும் பாருங்கள். பாதையைக் கையால் அடிக்காமல் பிரவுஸ் கொடுத்தே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பிரவுஸ் செய்தால், டெம்ப்ளேட் இருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரே தெரியவில்லையே?

பதில்: விண்டோஸ் அதை மறைத்து வைத்திருக்கிறது. எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸை டிக் செய்யுங்கள்.

கேள்வி: அண்ணா, எங்கள் ஆபீஸ் டெம்ப்ளேட் சர்வரில் இருக்கிறது. என் சிஸ்டத்தில் வருகிறது, பக்கத்து சீட்டில் வரவில்லை.

பதில்: பாதையை இசட் டிரைவ் என்று கொடுத்திருப்பீர்கள். அந்த எழுத்து உங்கள் சிஸ்டத்தில் மேப் செய்தது. பக்கத்து சீட்டில் அது வேறு டிரைவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டு பின்சாய்கோடு, சர்வர் பெயர், ஷேர் பெயர் என்று முழு நெட்வொர்க் பாதையாகக் கொடுத்தால் எல்லா சீட்டிலும் ஒன்றுபோல் எடுக்கும். அந்த ஃபோல்டரை மற்றவர்களுக்கு ரீட் ஒன்லி ஆக்கிவிடுங்கள். யாராவது ஒருவர் தன் பிராஜெக்ட்டை டெம்ப்ளேட் மேலேயே சேவ் செய்துவிட்டால் ஆபீஸ் முழுக்க லேயர் குழம்பிப்போகும்.

கேள்வி: டெம்ப்ளேட் வருகிறது, ஆனால் இன்ச்சில் வருகிறது. இதுவும் பாதைக் கோளாறா?

பதில்: இல்லை தம்பி. கூடவே வரும் டெம்ப்ளேட்டுகளில், பெயர் ஐசோ என்று முடிவதுதான் மில்லிமீட்டருக்கு. அதை டீஃபால்ட் ஆக்குங்கள்.

கேள்வி: பாதை சரி. ஆனாலும் 2016 வெர்ஷனில் திறக்க மறுக்கிறது.

பதில்: 2018 வெர்ஷனில் டிராயிங் ஃபார்மேட் மாறியது; அதில் சேவ் செய்த டெம்ப்ளேட்டை 2017-உம் அதற்கு முந்தையவையும் படிக்காது. புது வெர்ஷனில் திறந்து, 2013 ஃபார்மேட்டில் சாதாரண டிராயிங்காக சேவ் செய்யுங்கள். பிறகு ஃபைலின் எக்ஸ்டென்ஷனை டிடபிள்யூஜி-யிலிருந்து (சாதாரண டிராயிங்) டிடபிள்யூடி (டெம்ப்ளேட்) ஆக மாற்றிவிட்டால் 2016-இல் திறக்கும்.