கணினி கேள்வி – பதில்: இருவர் சேர்ந்து எழுத ஒரு சர்வர்

கேள்வி: நான் தங்கச்சிமடத்திலும் என் கல்லூரித் தோழர் தொண்டியிலும் இருக்கிறோம். விசைப்படகு உரிமையாளர்களுக்கான மீன் ஏலக் கணக்கையும் பங்குக் கணக்கையும் பார்க்கும் மென்பொருளைச் சேர்ந்து எழுதி வருகிறோம். வீடியோ அழைப்பில் திரையைப் பகிர்ந்தால் எழுத்து மங்கிவிடுகிறது. பார்ப்பவரால் தட்டச்சு செய்ய முடிவதில்லை. என் வீட்டில் மின்சாரம் போனால் வேலையும் நின்றுவிடுகிறது. பொதுவாக ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தால் பயன் உண்டா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: நிச்சயமாக உண்டு. திரைப் பகிர்வில் உங்கள் திரை முழுவதும் படமாக மாறிப் பயணம் செய்கிறது. சர்வர் என்பது எங்கோ எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி; அதன் டெர்மினலில், அதாவது கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் சாளரத்தில், எழுத்துகள் மட்டுமே போய் வருவதால், கைபேசியின் மெலிந்த இணைப்பே அதற்குப் போதும். பேசிக்கொள்ள வேண்டுமானால் சாதாரணத் தொலைபேசி அழைப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வரில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, இருவரும் எஸ்.எஸ்.ஹெச். (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக நுழைந்து, ஒரே டெர்மினலைப் பலர் பகிர உதவும் டிமக்ஸ் என்னும் மென்பொருளில் ஒரே அமர்வில் சேர்ந்துகொள்வதுதான் நான் பல ஆண்டுகளாகப் பின்பற்றும் முறை. டிமக்ஸ் அமர்வு உங்கள் மடிக்கணினியில் ஓடவில்லை, சர்வரில் ஓடுகிறது என்பதே இதில் முக்கியம். மண்டபத்தில் தங்கி வேலை செய்த ஒரு மழைக்காலத்தில் என் இணைப்பு அடிக்கடி அறுந்தது. ரவுட்டரில் செருகியிருந்த கம்பியை உருவிப் பார்த்தபோது, முனையிலிருந்த எட்டுத் தகடுகளில் இரண்டு உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தன. அதைத் துடைத்துச் செருகி மீண்டும் நுழைந்த நேரத்தில், நான் பாதியில் விட்ட வரியை நண்பர் முடித்து அடுத்த வரிக்குப் போயிருந்தார். இருவரில் ஒருவருடைய கணினியையே மையமாகக் கொண்டு இயங்கும் பகிர்வுக் கருவிகளில், அந்தக் கணினி அணைந்தால் எல்லாருக்கும் வேலை நின்றுவிடும்.

இணைப்பு அடிக்கடி மாறும் இடங்களில் மோஷ் என்னும் மென்பொருளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.ஹெச். வழியாக நுழைந்தபின் அது யு.டி.பி. முறையில் (நிலையான இணைப்பு இல்லாமலே தரவை அனுப்பும் முறை) பேசுவதால், வீட்டு வைஃபையிலிருந்து கைபேசி இணைப்புக்கு மாறினாலும் அமர்வு அறுவதில்லை. சர்வரின் தீச்சுவரில் (வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் காப்பு) 60000 முதல் 61000 வரையிலான யு.டி.பி. போர்ட்டுகளை, அதாவது எண்ணிட்ட வாயில்களை, திறந்து வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு மோஷ் வேலை செய்யவில்லை என்று கைவிட்டவர்கள் பலர்.

அமைப்பில் நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டியது பயனர் கணக்கு. ஒருவருடைய டிமக்ஸ் அமர்வில் தட்டச்சு செய்யும் உரிமையோடு சேருபவர், அந்தக் கணக்கின் உரிமைகள் அனைத்தையும் பெற்றுவிடுகிறார். கணக்குக்கு உரியவரின் கோப்புகளைப் படிக்கலாம், உரியவரின் பெயரில் எந்தக் கட்டளையையும் இயக்கலாம். ஆகவே தனிக் கணக்குகள் இரண்டோடு, சேர்ந்து எழுதுவதற்கென்றே மூன்றாவதாக ஒரு பொதுக் கணக்கைத் தொடங்கி, அதில் இந்த மென்பொருளின் கோப்புகளையும் அதற்கு மட்டுமே உரிய கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) திறவுகோலையும் தவிர வேறு எதையும் வைக்காதீர்கள். உரிமையாளர்களின் உண்மையான கணக்குப் புத்தகம் அங்கே இருக்கவே கூடாது. சோதனைக்குப் புனைந்த தரவே போதும். வெவ்வேறு கணக்குகளிலிருந்து ஒரே அமர்வில் சேரவும் டிமக்ஸில் வழி உண்டு. ஆனால் 2022இல் வந்த 3.3 பதிப்பு முதல் அதற்குக் கோப்பு அனுமதி மட்டும் போதாது, அமர்வுக்குள்ளும் தனியாக அனுமதி தர வேண்டும். இருவருக்கு அந்தச் சிக்கல் தேவையில்லை என்பது என் கருத்து.

சர்வர் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. அமெரிக்கக் கிழக்குக் கரை இங்கிருந்து சுமார் 14,000 கிலோமீட்டர் என்பதால், ஓர் எழுத்து போய்த் திரும்ப இயற்கையின் கணக்கிலேயே 140 மில்லி நொடி ஆகும். நடைமுறையில் அதைவிடக் கூடும். விலை சிறிது கூடினாலும் சென்னை, பெங்களூரு, மும்பை ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 2 ஜி.பி. நினைவகம் உங்கள் வேலைக்குப் போதும். சர்வரை நிறுத்தி வைத்தாலும் வட்டு இடத்துக்குக் கட்டணம் ஓடும் என்பதை நினைவில் வைத்து, அன்றன்றைய வேலையைக் கிட் களஞ்சியத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

ஒரே சாளரத்தில் இருவருக்கும் இருப்பது ஒரே கர்சர் என்பதால், இருவரும் ஒரே நேரத்தில் தட்டினால் எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். விசைப்படகில் ஒருவர் சுக்கானைப் பிடிக்க, மற்றவர் படகின் முன்பக்கமான அணியத்தில் நின்று கடலடிப் பாறையையும் வலையையும் பார்த்துச் சொல்வதைப் போல, தட்டச்சு செய்பவரையும் பார்த்துச் சொல்பவரையும் முதலில் பேசி முடிவு செய்து, அரை மணிக்கொரு முறை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் கீழக்கரையில் இருக்கிறேன், என் மைத்துனர் துபாயில் வேலை பார்க்கிறார். எங்கள் சர்வரில் இருவரும் எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கில் ஒரே கடவுச்சொல்லைக் கொண்டு நுழைகிறோம். அதை வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினேன். இதில் ஆபத்து உண்டா?
– வாசகர், கீழக்கரை

பதில்: உண்டு, இன்றே மாற்றுங்கள். போர்ட் 22 திறந்திருக்கும் எந்தச் சர்வரிலும் கடவுச்சொல்லை ஊகித்து நுழைய முயலும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் இருவரும் தத்தம் கணினியில், கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் ஈடி25519 வகைத் திறவுகோல் இணை (பொது, தனி என இரண்டு கோப்புகள்) ஒன்றை உருவாக்கி, பொதுத் திறவுகோலை மட்டும் சர்வரில் ஆளுக்கொரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். பொதுத் திறவுகோலை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் தீங்கில்லை. தனித் திறவுகோல் உங்கள் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது. நாளை ஒருவர் விலகினால் அவருடைய வரியை நீக்கி, ஓடிக்கொண்டிருக்கும் அவருடைய அமர்வையும் முடித்துவிடலாம். யாருடைய திறவுகோலால் நுழைவு நடந்தது என்பதும் சர்வரின் பதிவேட்டில் அந்தத் திறவுகோலை அடையாளம் காட்டும் கைரேகைக் குறியோடு நிற்கும்.

அதன்பின் கடவுச்சொல் நுழைவையும் ரூட் நுழைவையும் அடைத்துவிடுங்கள். அடைக்கும்போது, ஏற்கெனவே நுழைந்திருக்கும் சாளரத்தை மூடாமல், இரண்டாவது சாளரத்தில் சாதாரணக் கணக்கின் வழியே திறவுகோலால் நுழைய முடிகிறதா, அங்கிருந்து நிர்வாக உரிமை கிடைக்கிறதா என்று சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் முதல் சாளரத்தை மூடி, தம் சர்வருக்கே வெளியில் நின்றவர்களிடமிருந்து எனக்கு வந்த கடிதங்கள் கொஞ்சமல்ல. எஸ்.எஸ்.ஹெச். ஏஜென்ட் பகிர்வையும் (உங்கள் கணினியிலுள்ள திறவுகோலைச் சர்வரிலிருந்தும் பயன்படுத்த விடும் வசதி) பொதுச் சர்வரில் பயன்படுத்தாதீர்கள். நீங்கள் இணைந்திருக்கும் வரை, அங்கே ரூட் உரிமை உள்ள எவரும் உங்கள் திறவுகோலைக் கொண்டு மற்றச் சர்வர்களுக்கும் போக முடியும்.

கேள்வி: இருவர் சேர்ந்து எழுதிய நிரல் கிட்டில் ஒருவர் பெயரில்தானே பதிவாகிறது?
– மாணவி, தேவிபட்டினம்

பதில்: ஆசிரியர் இடத்தில் ஒரு பெயர்தான் நிற்கும். ஆனால் கமிட் (கிட்டில் பதியும் ஒவ்வொரு மாற்றம்) செய்தியின் இறுதியில் ஒரு வெற்று வரி விட்டு, இணை ஆசிரியரைக் குறிக்கும் கோ–ஆத்தர்ட்–பை (Co-authored-by:) என்ற வரியில் தோழியின் பெயரையும் மின்னஞ்சலையும் எழுதினால், கிட் களஞ்சியங்களை வைக்கும் கிட்ஹப் தளம் இருவரையும் ஆசிரியர்களாகக் காட்டும். அவர் தம் கிட்ஹப் கணக்கில் பதிந்துள்ள மின்னஞ்சலையே எழுத வேண்டும். பொதுக் கணக்கிலிருந்து எழுதும்போது, அன்றைய அமர்வில் யார் பெயர் ஆசிரியராக இருக்கிறது என்பதை முதல் கமிட்டுக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.