மலையில் மழைக்குள் மாட்டிக்கொண்டால்: கேள்வி பதில்

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்ட நலன்புரி உத்தியோகத்தராக இருந்தவன் நான். மழைக்காலத்தில் தோட்டங்களுக்குப் போய்த் திரும்ப முடியாமல் நின்றவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, மாமி வீட்டுத் திருவிழாவுக்கு தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு (பிரிவுக்கு) வந்தோம். பாலத்துக்கு மேலால் தண்ணீர் போகிறது, முழங்காலுக்குக் கீழேதான். கைகோத்துக் கடக்கலாமா?

வேண்டாம் தம்பி. வேகமாக ஓடினால் அரை அடித் தண்ணீரே ஆளைச் சரித்துவிடும். இரண்டடி வந்தால் வான் வண்டியையே இழுத்துக்கொண்டு போகும். கலங்கலுக்கு அடியில் பாலம் இருக்கிறதா, ஓரம் அறுந்துவிட்டதா என்று மேலே நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது. மலையாறு சட்டென்று ஏறும், மழை விட்டால் சட்டென்று இறங்கும். காசல்ரீ, மவுசாக்கலை மாதிரி நீர்த்தேக்கத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் கணக்கு வேறு. வான்கதவு திறந்தால் வெயிலிலும் ஆறு ஏறும்.

அப்போ லயத்துக்குள்ளேயே, இந்த வரிசை வீட்டுக்குள்ளேயே, இருந்தால் பயமில்லைதானே?

அப்படிச் சொல்ல மாட்டேன். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் புதைந்தது லயங்கள்தான். ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் இருக்கும் மலையை மறந்துவிடுகிறோம்.

பீலியில், அதாவது மலை ஊற்றுக் குழாயில், வரும் தண்ணீரைப் பாருங்கள். தெளிவாக வந்தது திடீரென்று செம்மண் நிறமானால், காய்ந்த இடத்தில் புதிதாக ஊற்று கிளம்பினால், இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) புது வெடிப்பு விழுந்தால், கதவு நிலையில் இறுகினால் உடனே வெளியேறுங்கள். கொட்டும் மழையில் ஓடை குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். மேலே மண் அடைத்துத் தண்ணீர் தேங்கியிருக்கலாம். அது உடைத்துக்கொண்டால் ஓடைக்கரையில் எதுவும் நிற்காது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடும். சிவப்பு என்றால் கிளம்பிவிட வேண்டும். மின்சாரம் போய்ச் செய்தி வராவிட்டால், நேரான சுவருள்ள பிஸ்கட் டின் ஒன்றை முற்றத்தில் வையுங்கள். ஒரு நாளில் ஏழரை சென்ரிமீற்றர் நிறைந்தாலே உஷார். பதினைந்து வரும்வரை காத்திருக்காதீர்கள். இருட்டுமுன் கோயிலோ பாடசாலையோ, சரிவுக்கும் ஓடைக்கும் விலகியிருக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். எந்த இடம் என்று அங்குள்ள பெரியவர்களைக் கேளுங்கள். எந்த மலை எப்போது இறங்கியது என்று அவர்களுக்குத் தெரியும்.

அம்மாவுக்கு இன்சுலின். இங்கே கரண்ட் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை.

மலைக் குளிரில் இது பெரிய பிரச்சினை இல்லை. பாவனையில் உள்ள குப்பி பெரும்பாலும் சுமார் 4 வாரம் வெளியில் தாங்கும். பெட்டியில் போட்டிருப்பதையும் பாருங்கள். அடுப்பு மேடைப் பக்கம் வைக்காதீர்கள். சாப்பாடு குறைந்த நாளில் வழக்கமான அளவை அப்படியே போட்டால் சர்க்கரை இறங்கிவிடும், டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டுப் போடுங்கள். அவசரமென்றால் 1990 அம்புலன்ஸ். பாதை அடைபட்டிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாங்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர்கள் எங்களுக்கே ரொட்டி சுட்டுத் தருகிறார்கள், கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட வேண்டியதுதான்! மழையில் கொழுந்து பறிப்பு நின்றால் அவர்களுடைய நாட்சம்பளமும் நிற்கிறது. ஆனால் மா முடிந்துவிட்டது என்று அவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். காசை நீட்டினால் கோபிப்பார்கள். தோட்டத்துக் கடைக்கு நீங்களே போய் மா, பருப்பு, மெழுகுதிரி வாங்கி வந்து அடுப்படியில் வைத்துவிடுங்கள். அதற்காகக் கடையையே வாரிக்கொண்டு வராதீர்கள், மற்ற லயத்துக்காரர்களுக்கும் வேண்டும். குழாய் உடைந்திருந்தால் தகரக் கூரைத் தண்ணீரைப் பிடித்துக் கொதிக்க வையுங்கள், முதல் மழையின் அழுக்கு கழுவிப்போன பிறகு.

ரயில் பாதை வழியே நடந்து அட்டனுக்குப் போகலாமா?

கூடாது. அடிமண் கழுவிப்போய்த் தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கும். மலையை வெட்டிப் போட்ட இடங்களில் மேலிருந்தும் விழும்.

யாருக்குச் சொல்வது? சிக்னல் வந்து வந்து போகிறது.

முதலில் கிராம உத்தியோகத்தருக்கு, அப்புறம் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு. பேச்சுக் கிடைக்காத இடத்தில் எஸ்எம்எஸ் போய்ச் சேரும். தோட்டம், டிவிஷன், எத்தனை பேர், யாருக்கு என்ன மருந்து என்று ஒரே செய்தியில் எழுதுங்கள். ஐந்து போனில் ஒன்றை மட்டும் போட்டு வைத்து, மற்ற நான்கையும் அணைத்துவிடுங்கள்.